ஷிப்ட் முடிந்ததும் பேசலாம்: டார்கெட், அப்ரைசல், சொந்த இலக்கு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்கிரிமெண்ட் சூட்டோடு எழுதப்பட்டவை. சில கடிதங்களை அப்படியே அச்சில் போட்டால் எழுதியவருக்கு வேலை போய்விடும் என்பதால் கொஞ்சம் தணித்திருக்கிறேன். கோவையில் பம்ப் கம்பெனி, ஓசூரில் வண்டி உதிரிபாகம் என்று மெஷின் ஷாப்பிலும் அப்புறம் பர்சனல் டிபார்ட்மெண்டிலும் காலம் தள்ளியவன் நான். அதனால் ஆபீஸ் கேள்விக்கும் பதில் கொஞ்சம் ஆயில் வாசத்தோடுதான் வரும்.

*

பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்தேன், இப்போது லைன் சூப்பர்வைசர். எங்கள் லைனில் டி-ஷர்ட் ஓடுகிறது. மணிக்கு 80 பீஸ் என்று போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். 60-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. மேனேஜர் என்னைத் திட்டுகிறார், நான் டெய்லர்களைத் திட்டுகிறேன். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டவர்கள்கூட இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் திறமையை எப்படி வளர்த்துக்கொள்வது? (வாசகி, திருப்பூர்)

திறமையை அப்புறம் வளர்க்கலாம் அம்மணி. நாளைக்கு டீ டைமுக்குச் சற்று முன்னால் லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நடை நடந்து பாருங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடக்கிறது, எந்த மெஷினில் ஆள் அடுத்த கட்டு வராமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இது இரண்டை மட்டும் பாருங்கள். அப்போது யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

டி-ஷர்ட் லைனில் பெரும்பாலும் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) ஏற்றும் இடத்தில்தான் குவியும். அங்கே போய் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்துப் பீஸ் பாருங்கள். எடுப்பதிலிருந்து தைத்து வைக்கும் வரை ஒரு பீஸுக்கு 60 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 3600 நொடி. வகுத்தால் 60. உங்கள் லைன் ஏன் 60-ல் நிற்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இருக்காது. சைடு அடிப்பவர் எவ்வளவு பறந்தாலும் கடைசியில் விழப்போவது 60 தான். அவரை நீங்கள் திட்டியதெல்லாம் வீண்.

80 வேண்டுமானால் ஒவ்வொரு வேலையும் 45 நொடிக்குள் முடிய வேண்டும். இப்போது முன்னால் போய் ஷோல்டர் ஜாயின்ட் போடுபவரைப் பாருங்கள். அவருக்கு 30 நொடி ஆகிறது என்றால், 80 பீஸுக்கு 40 நிமிடம். மீதி 20 நிமிடம் அவர் கையில் இருக்கிறது. அவரும் ஓவர்லாக் மெஷின், இவரும் ஓவர்லாக் மெஷின். கழுத்து ஏற்ற அவருக்குத் தெரிந்திருந்தால், அந்த 20 நிமிடத்தில் 20 கழுத்து. கழுத்துக்காரர் 60, இவர் 20. கூட்டிக்கொள்ளுங்கள். நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக வராது; கட்டு மாற்றுவது, நூல் அறுவது எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு ஆளைப் போடுவதற்கு முன்னால், கழுத்து ஏற்றுபவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அந்த 60 நொடியில் ஊசி ஓடுவது பாதிதான் இருக்கும். மீதி நேரம் ரிப்பில் சைஸ் தேடுவது, மடித்துக் குறி வைப்பது, நூல் வெட்டுவது. சைஸ் வாரியாக ரிப்பை அடுக்கி, குறி வைத்துக் கொடுக்க ஹெல்பரை விட்டாலே பத்து நொடி இறங்கும். இதெல்லாம் நீங்கள் தைத்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கே தெரிந்த விஷயம்தானே? சூப்பர்வைசர் ஆனதும் போர்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள், அதுதான் வந்த வினை. வாரத்துக்கு ஒருவரிடமாவது "உன் கையை எது தடுக்குது?" என்று கேளுங்கள். லைட் சரியில்லை, ஸ்டூல் உயரம் சரியில்லை, மெஷின் ஆயில் கக்குகிறது என்று ஏதாவது வரும். அதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்து கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

போர்டில் எண் எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தர மேலாண்மை உலகம் குருவாகக் கொண்டாடும் டெமிங், தொழிலாளர்களுக்கு எண்ணிக்கை டார்கெட் வைப்பதையே ஒழிக்கச் சொன்னவர். அவர் பேரில் ஜப்பானியர்கள் தரும் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம்ம பாடி சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு, 1998-ல். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை முழுக்க ஏற்க முடியவில்லை. காரணம் ஒரு லாரிக் கதை. எழுபதுகளில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த பாரத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தன. "முடிந்த வரை ஏற்றுங்கள்" என்று சொல்லிப் பலனில்லை. லேத்தம் என்கிற ஆராய்ச்சியாளர் யோசனைப்படி 94 சதவீதம் என்று குறிப்பிட்ட இலக்கு வைத்தார்கள். தவறினால் தண்டனை இல்லை, எட்டினால் காசும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் பாரம் ஏறியது. இரண்டாவது மாதம் இறங்கியது. ஏன் தெரியுமா? தண்டனை இல்லை என்று சொன்னார்களே, உண்மைதானா என்று டிரைவர்கள் ஆழம் பார்த்தார்கள்! நிர்வாகம் சொன்ன சொல் தவறவில்லை. அதன் பிறகு தொண்ணூறு வாக்கில் போய் நின்றது. 1975-ல் வெளியான ஆய்வு இது.

உங்கள் போர்டும் வேலை செய்யும், அதற்குக் கீழே நின்று கத்துவதை நிறுத்தினால். அப்புறம் ஒன்று, ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்கத் திரும்பி வருவதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். மேனேஜர் 80 கேட்கிறார் என்பதற்காக 80 அடித்து 12 திரும்பி வந்தால் அது 68 தான். அதைப் பிரித்து உட்கார்ந்து தைக்கும் நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் கீழே.

*

தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ். ஜிஎஸ்டி வேலை முழுக்க என் தலையில். 20-ஆம் தேதி நெருங்கினால் உயிர் போகிறது. ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போனதே இல்லை. இந்த அப்ரைசலிலும் ஐந்துக்கு மூன்றுதான். கேட்டால் "பெல் கர்வ்" என்கிறார் மேனேஜர். என்னைவிடக் குறைவாக வேலை செய்து, நன்றாகப் பேசத் தெரிந்தவனுக்கு நான்கு. நானும் ஜால்ரா போடப் பழக வேண்டுமா? (வாசகர், அம்பத்தூர்)

ஜால்ராவுக்கும் தனித் திறமை வேண்டும் சார். கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு அது வரும் என்று தோன்றவில்லை. விட்டுவிடுங்கள்.

பெல் கர்வ் பற்றி முதலில். மேலே 20 பேர், நடுவில் 70 பேர், கீழே 10 பேர் என்று நூறு பேரைக் கூறு போடும் வழக்கத்தை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஜாக் வெல்ச் பிரபலமாக்கினார். இந்த ஜாதியைச் சேர்ந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டுவிட்டது. நம் ஊரில் இன்னும் பல கம்பெனிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நான் அப்படிப்பட்ட கூட்டங்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன்.

ஒவ்வொரு மேனேஜரும் ஒரு பட்டியலோடு வருவார். "இவருக்கு ஏன் நான்கு?" என்று மற்ற மேனேஜர்கள் கேட்பார்கள், ஏனென்றால் அங்கே ஒரு நான்கு போனால் அவர்கள் ஆளுக்கு ஒன்று குறையும். பதில் சொல்ல அவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். உங்கள் மேனேஜருக்கு அந்த அரை நிமிடத்தில் என்ன வாயில் வரும்? "நல்ல பையன் சார், லேட்டாக உட்கார்ந்து வேலை பார்ப்பான்." உடனே ஒருவர் சொல்வார்: "நேரத்துக்குள் முடிக்கத் தெரியவில்லை போல." முடிந்தது, மூன்று. நன்றாகப் பேசத் தெரிந்த உங்கள் நண்பர் அந்த ஒரு வாக்கியத்தை மேனேஜரின் வாயில் முன்கூட்டியே வைத்திருப்பார். அதை நீங்களும் செய்யலாம், கூழைக்கும்பிடு இல்லாமல்.

அதற்கு உண்மையான விஷயம் வேண்டும். உங்கள் வேலையிலேயே இருக்கிறது. சப்ளையர் அவருடைய விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட்டால்தான், 14-ஆம் தேதி தயாராகும் நம் கொள்முதல் பில் பட்டியலான 2பி-யில் அந்த பில் வரும். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது. 20-ஆம் தேதிக்குள் வரி கட்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டும். பெரும்பாலான அக்கவுண்ட்ஸ் ஆட்கள் 14 அன்று 2பி-யை இறக்கி, விடுபட்ட பில்லைப் பார்த்துப் பதறி, 15-லிருந்து 19 வரை சப்ளையர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போது போன் போட்டு என்ன பயன்? அவர் அன்றே போட்டாலும் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். அந்த வரித்தொகையை கம்பெனி கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டியதுதான்.

போனை ஒரு வாரம் முன்னால் தள்ளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த சப்ளையர் பில் விட்டுப்போனது என்று ஒரு பட்டியல் எடுத்தால், திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் 7, 8 தேதிகளில் போன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன சப்ளையர்கள் இருப்பார்கள்; அவர்களும் இடைப்பட்ட இரண்டு மாதங்களில் ஐஎஃப்எஃப் என்ற வசதி வழியாக 13-ஆம் தேதிக்குள் பில்லை மட்டும் ஏற்றலாம். பலருக்கு அது தெரியாது, அல்லது அவர்கள் ஆடிட்டருக்குச் சோம்பல். நீங்கள் நினைவூட்டுங்கள். சில மாதம் இதைச் செய்துவிட்டு, முன்பு மாதம் எவ்வளவு ரூபாய் கிரெடிட் தள்ளிப்போனது, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்களை எடுத்து வையுங்கள். உங்கள் மேனேஜரின் அரை நிமிட வாக்கியம் அதுதான். ரூபாயில் சொன்னால் எந்த மேனேஜரும் மறக்க மாட்டார். 20-ஆம் தேதி உயிர் போவதும் பாதியாகக் குறையும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஐந்து வரியில் அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். இந்த மாதம் என்ன முடிந்தது, எது நிற்கிறது, எதற்கு அவர் உதவி வேண்டும். "டீமுக்கு உறுதுணையாக இருந்தேன்" மாதிரி வரிகள் வேண்டாம். அப்ரைசல் மார்ச்சில் நடந்தால் மேனேஜருக்கு நினைவிருப்பது பிப்ரவரியும் மார்ச்சும்தான். ஜூலையில் நீங்கள் மலையைப் புரட்டியிருந்தாலும் அவர் மறந்திருப்பார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை, அவருக்கும் வயதாகிறது.

அரசு ஊழியர்களுக்கு 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ரகசியக் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் அந்த ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. தனியாருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆனால் "நான்கு வாங்க இந்த வருடம் என்ன செய்ய வேண்டும், எழுதிக் கொடுங்கள்" என்று ஏப்ரலிலேயே கேட்பதை யாரும் தடுக்கவில்லை. இவ்வளவும் செய்து அடுத்த வருடமும் மூன்று என்றால் வேறு கம்பெனி பாருங்கள். பன்னிரண்டு மெயிலையும் சேர்த்தால் ரெஸ்யூம் தயார்.

*

காலை 4 மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு மாதமாக எழுகிறேன். ஆபீஸில் மதியம் தூங்கி வழிகிறேன். (வாசகர், விருதுநகர்)

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதினொன்றரை என்றால் நாளையிலிருந்து ஆறு மணிக்கே எழுந்திருங்கள். எங்கள் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் ஒருவர் நைட் ஷிப்டை விரும்பிக் கேட்டு வாங்குவார். ஊரே கொட்டாவி விடும் இரண்டரை மணிக்குத்தான் அவருக்கு மூளை சுறுசுறுப்பாகும். அவரை 4 மணிக்கு எழுப்பினால் அடித்துவிடுவார். நான்கு மணிக்கு எழுந்து என்ன செய்கிறீர்கள்? அதுவும் கடிதத்தில் இல்லை.

*

வங்கிக் கிளையில் ஆபீசராக இருக்கிறேன். மாதம் இத்தனை இன்சூரன்ஸ் பாலிசி என்று டார்கெட். எஃப்டி புதுப்பிக்க வரும் பெரியவர்கள் தலையில் கட்டச் சொல்கிறார்கள். அது நடந்தால்தான் பெர்ஃபார்மன்ஸ் என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. ஆனால் மற்றவர்களைவிடப் பின்தங்கிப் போகவும் மனசில்லை. (பெயர், ஊர் வேண்டாம்; நாமக்கல் மாவட்டம்)

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்ற பெரிய வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்கு, கார்டு, கடன் என்று விற்க வேண்டும் என டார்கெட் வைத்தார்கள். ஊழியர்கள் வேறு வழி இல்லாமல் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறந்தார்கள். 2016-ல் வெளியே வந்தபோது அப்படி ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகள். பிறகு அது 35 லட்சம் ஆனது. வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். தலைவர் ராஜினாமா செய்தார் என்பது உண்மை, ஆனால் அதற்கு முன்னால் வேலை போனது கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. சார்லஸ் குட்ஹார்ட் என்ற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் 1975-லேயே இதை எச்சரித்தார். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அதை வைத்தே ஆட்களை ஓட்ட ஆரம்பித்தால், அந்த எண் எதையும் காட்டாமல் போய்விடும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சரி, நீங்கள் நாளைக்கு என்ன செய்வது? டார்கெட்டை மறுக்க முடியாது, ஆனால் யாரிடம் விற்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. எழுபது வயதுக்காரரின் எஃப்டி பணத்தை விட்டுவிட்டு, உங்கள் கிளையில் இந்த வருடம் வீட்டுக் கடன் வாங்கியவர்களின் பட்டியலை எடுங்கள். முப்பத்திரண்டு வயது, ஒரே சம்பளம், சின்னக் குழந்தை. அவருக்கு டெர்ம் பாலிசி நிஜமாகவே தேவை. அவர் இல்லாமல் போனால் வீடு என்ன ஆகும்? உங்கள் பக்கம் லாரி, கோழிப்பண்ணை, ரிக் வண்டிக்காரர்கள் நிறைய. மாதா மாதம் ஒரே மாதிரி பணம் புரளாத தொழில். அவர்களிடம் மாதப் பிரீமியம் விற்றால் சில மாதத்தில் நின்றுபோகும், வருடப் பிரீமியமாகக் கேளுங்கள். பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இதனால் ஒன்றிரண்டு போகும், போகட்டும்.

இரண்டாம் வருடப் பிரீமியம் எத்தனை பேர் கட்டினார்கள் என்பதையும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் கணக்கெடுக்கின்றன. 13-ஆவது மாத நிலைப்பு விகிதம் என்று அதற்குத் தனி எண் உண்டு. உங்கள் மூலம் போன பாலிசிகளின் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி ரிவ்யூ மீட்டிங்கில் மேசையில் வையுங்கள். எண்ணிக்கையில் மூன்றாவது இடத்தில் இருப்பவர் அதில் முதல் இடத்தில் இருந்தால் ரீஜனல் ஆபீஸுக்கும் பேச வாய் இருக்காது. யாராவது தப்பான காரியத்தை வாயால் சொன்னால், சாயங்காலம் "இன்று நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று பணிவாக ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் பதில் வராது. அந்த மாதிரி உத்தரவும் அப்புறம் வராது.

இதற்கு வெளியே உங்களுக்கென்று ஒரு பாதை வேண்டும். வங்கிக்காரர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளை முடித்துவிட்டீர்களா? முடித்துவிட்டு கிரெடிட் பக்கம் நகரப் பாருங்கள். ஒரு கோழிப்பண்ணையின் பேலன்ஸ் ஷீட்டையும், முட்டை விலை இறங்கினால் அவர் தாங்குவாரா என்பதையும் எடை போடத் தெரிந்த ஆபீசரை யாரும் பாலிசி விற்க அனுப்ப மாட்டார்கள்.

*

பி.எஸ்சி. நர்சிங் முடித்து தனியார் மருத்துவமனை ஐசியூ-வில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 26. ஜனவரியில் எழுதிய இலக்குகள்: ஜெர்மன் மொழியில் பி2 நிலை, எம்ஆர்பி தேர்வு (தமிழக அரசு நர்ஸ் வேலைக்கு), நார்செட் தேர்வு (எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு), எம்.எஸ்சி. சேர்வது, அடகில் இருக்கும் அம்மா நகையை மீட்பது, ஏழு கிலோ குறைப்பது, தினமும் டைரி. பாதி வருடம் போய்விட்டது. டைரி மட்டும் கொஞ்ச நாள் எழுதினேன். நான் சோம்பேறியா? (வாசகி, மதுரை)

ஐசியூ-வில் நைட் டூட்டி பார்ப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு என்ன தைரியம்! உங்கள் பட்டியல்தான் பிரச்சினை. அதில் நான்கு பேருடைய வாழ்க்கை இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகிறவர் ஒருவர், ஊரிலேயே அரசு வேலை பார்ப்பவர் ஒருவர், எய்ம்ஸில் சேர்கிறவர் ஒருவர், காலேஜில் இரண்டு வருடம் படிக்கிறவர் ஒருவர்.

இதில் எம்ஆர்பி-யும் நார்செட்டும் ஒட்டிப் போகும், இரண்டுக்கும் படிப்பது அதே நர்சிங் பாடம்தான். ஜெர்மன் தனி ரூட். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? அடியிலிருந்து ஆரம்பித்து பி2 வரை போக 45 நிமிட வகுப்புகளாக 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கெத்தே நிறுவனத்தின் மதிப்பு. நடுவில் 700 என்று வையுங்கள், 525 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் இரண்டு வருடம். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமானால் தினமும் இரண்டு மணி நேரம், நைட் டூட்டி வாரம் உட்பட. டிசம்பருக்குள் பி2 என்று எழுதியபோதே அது நடக்காத காரியம். உங்கள் மேல் தப்பில்லை.

பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது நகைதான். மற்றதெல்லாம் தோழிகளைப் பார்த்து, ரீல்ஸ் பார்த்து வந்திருக்கலாம். நகை உங்கள் வீட்டிலிருந்து வந்தது. எவ்வளவு தொகை, வட்டி என்ன, எப்போது கெடு என்று முதலில் எழுதுங்கள். அது தெரிந்தால் மற்ற முடிவு கொஞ்சம் எளிது. ஒரு வருடத்துக்குள் மீட்டே ஆக வேண்டும் என்றால் எம்.எஸ்சி. இப்போதைக்கு இல்லை. எம்ஆர்பி-யிலும் செவிலியர்கள் முதலில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, அப்புறம்தான் காலமுறைச் சம்பளத்துக்கு வருகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அம்மாவைத் தனியே விட்டு ஜெர்மனி போகத்தான் போகிறீர்களா என்பதை அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதைப் பேசாமல் ஏ1 புத்தகம் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

ஜெர்மன்தான் என்று முடிவானால், பி2-வை மறந்துவிட்டு முதல் படியான ஏ1-ஐ மட்டும் எழுதி வையுங்கள். டூட்டி ரோஸ்டர் வந்த அன்றே எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியல் பேராசிரியர் பல வருடம் ஆராய்ந்த விஷயம் இது. "படிப்பேன்" என்று முடிவு செய்பவர்களைவிட "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிவு செய்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். உங்களுக்கு அது இப்படி வரலாம்: மார்னிங் டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் இலக்கணம். நைட் டூட்டி வாரத்தில் புத்தகத்தையே தொடுவதில்லை. மதியம் எழுந்து டீ குடித்துக்கொண்டே ஆடியோ மட்டும். ஐசியூ-வில் யாருக்காவது சீரியஸாகி வீட்டுக்கு வரத் தாமதமானால் அன்றைக்கு லீவு, மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம்.

பி1, பி2 தேர்வுகள் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது நிம்மதியான ஏற்பாடு. சென்னையில் கெத்தே நிறுவனத்தின் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வு நடக்கிறது. ஏஜென்ட் யாரிடமும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். 1978-லிருந்து தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, பணம் கட்டும் முன் அங்கே போய் விசாரியுங்கள். ஏழு கிலோ அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். டைரியும்.

*

கலெக்டர் ஆபீஸில் வேலை. வயது 56. இனி பிரமோஷன் இல்லை. 58-ல் போயிருக்க வேண்டியவனை 60 ஆக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். கோப்பு வேலை கண்ணை மூடிக்கொண்டு வரும். "இலக்கு வையுங்கள்" என்று நீங்கள் எழுதுவதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. எனக்கு என்ன இருக்கிறது? பெரிய கோயில் கல்வெட்டைப் படிக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ஆசை, அது ஒரு இலக்கா என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாமே ஐயா! அதுதான் இலக்கு. சம்பளம், பிரமோஷன், அப்ரைசல் எதுவும் தொடாத ஆசை அத்தனை வருடம் உயிரோடு இருந்தால் அது அசல்.

"கல்வெட்டு படிக்க வேண்டும்" என்பது மட்டும் கொஞ்சம் பெரிய வாய். ஒரே ஒரு கல்வெட்டு என்று வையுங்கள். நீங்கள் தஞ்சாவூர்க்காரர், எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் பேசுகிற அந்தக் கல்வெட்டு. விமானத்தின் அடியிலேயே இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற நூல் வரிசையில் இரண்டாம் தொகுதியில் பெரும்பாலும் பெரிய கோயில் கல்வெட்டுகள்தான். ஹுல்ஷ் என்ற கல்வெட்டு அறிஞர் பதிப்பிக்கத் தொடங்கியது, இணையத்தில் கிடைக்கிறது. அச்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கல்லைப் பார்த்தால் எழுத்து தானாகப் பிடிபடும். சொல்லிக் கொடுக்க ஆள் கிடைத்தால் இன்னும் சுலபம், கிடைக்காவிட்டாலும் நின்றுபோக வேண்டாம்.

முதலில் தடுமாற வைப்பது புள்ளி. கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. க-வா க்-ஆ என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் அப்படித்தான். நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும், "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்ற ஆரம்பமே கிரந்தம். அதற்குப் பிறகு "திருமகள் போல" என்று வந்தால் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி (அரசன் புகழ் பாடும் முன்வரிகள்), "திரு மன்னி வளர" என்று வந்தால் அவன் மகன் ராஜேந்திரனுடையது. இந்த இரண்டு தொடக்கம் கண்ணுக்குப் பழகினாலே, வேறு எந்த ஊர்ச் சோழர் கோயிலுக்குப் போனாலும் சுவரில் அவர்களைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள், எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் சுவர் வெறும் கல்லாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு, மாவு எதையும் பூசித் தேய்க்காதீர்கள், போனில் படம் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆபீஸ் வேலையையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எவ்வளவு நிலம், எந்த ஊர், யார் யாருக்கு எத்தனை கலம் நெல், தவறினால் என்ன என்று அந்தக் கல்வெட்டுகள் எழுதிப்போகிற விதத்தைப் பார்த்தால், நீங்கள் தினமும் போடும் குறிப்புக் கோப்பு உங்களுக்கே வேறு மாதிரி தெரியலாம். படித்துவிட்டு எழுதுங்கள். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பதில் அடுத்த இதழில்.